நாலாம் எண்ணைத் திருத்திய கை

மீசை முளைத்த பிறகு இதைப் பிரித்துப் படிக்கப்போகிற என் மகனுக்கு,

இதை எழுதும்போது உனக்கு ஒரு வயதும் நாலு மாதமும் ஆகிறது. பாத்திரம் கட்டி வைத்த சாக்குக்குள் தலையை நுழைத்துக்கொண்டு, வெளியே வரத் தெரியாமல் கத்திக்கொண்டிருந்தாய். இப்போதுதான் இழுத்து வெளியே விட்டேன். அடுத்த வெள்ளிக்கிழமை நாம் திருநெல்வேலியை விட்டுப் பாபநாசத்துக்குக் குடிபோகிறோம். உன் அப்பாவுக்கு அங்கே சாமான் கிடங்கில் வேலை. டிரங்குப் பெட்டியைக் காலி செய்தபோது அடியில் அவருடைய பழைய பென்சில் நோட்டு கிடைத்தது. அதைப் பார்த்ததும் உட்கார்ந்துவிட்டேன். இந்தக் கடிதத்தைப் போன வருஷமே எழுதியிருக்க வேண்டும். துணிவு வரவில்லை, பிந்தித்தான் எழுதுகிறேன். நீ வக்கீலாவாயோ வாத்தியாராவாயோ அப்பாவைப் போலக் கம்பம் ஏறுவாயோ, எனக்குத் தெரியாது. ஆனால் என்றாவது ஒருநாள் உன் முன்னால் ஒரு தாளை நீட்டி, எத்தனை மணிக்கு வந்தாய், எத்தனை மணிக்குப் போனாய், இடையில் என்ன செய்தாய் என்று எழுதச் சொல்வார்கள். அந்தத் தாளில் கை வைப்பதற்கு முன்னால் இதைப் படி.

உன் அப்பா தந்திக் கம்பி பழுதுபார்க்கிறவர். நம் சொந்தக்காரர்கள் அதை வேறு மாதிரிச் சொல்வார்கள். நிலம் போனாலும் மிடுக்குப் போகாத குடும்பம் நம்முடையது. "எஃப்.ஏ. படிச்ச பொண்ண, கம்பத்துல ஏறுத மாப்பிள்ளைக்குல்லா குடுத்திருக்காரு" என்று என் கல்யாணப் பந்தியிலேயே ஒரு பெரியவர் என் காதுபடச் சொன்னார். அப்பா மெட்ரிகுலேஷனில் இரண்டு தடவை தவறியவர். கை வேலையில் கெட்டிக்காரர். இங்கிலீஷ் எழுதுவதென்றால் அவருக்கு வேர்த்துவிடும். ஆகவே பகலெல்லாம் தன் சிறிய நோட்டில் பென்சிலால் கிறுக்கிக்கொண்டு வருவார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அதைப் பார்த்து நான் ஆபீஸுக்குப் போகிற வேலைத்தாளில் மையால் அழகாக எழுதித் தருவேன். அவர் கீழே கையெழுத்துப் போடுவார். ஒரு தடவைகூடப் படித்துப் பார்த்ததில்லை. "நீ எழுதினதுல நான் பாக்கதுக்கு என்னளா இருக்கு?" என்பார். அந்தப் பேச்சில் எனக்கு எவ்வளவு பெருமை இருந்தது என்று இப்போது நினைத்தால் கூசுகிறது.

வேலைத்தாளில் ஒவ்வொரு மணிக்கும் ஓர் எண் எழுத வேண்டும். ஊருக்குள் பார்த்த வேலைக்கு ஒன்று. போக்குவரத்துக்கு இரண்டு. ஐந்து மைலுக்கு அப்பால் பார்த்த வேலைக்கு மூன்று. அதற்குக் கூலி கால் பங்கு கூடுதல். நாலு என்றால் காத்திருப்பு. வெள்ளக் காலத்தில் ஆற்றைத் தாண்டிப் போகிற கம்பிக்குப் பக்கத்தில் ஓர் ஆள் ஏணியோடு தயாராக நிற்க வேண்டும். மரமோ வைக்கோல் போரோ அடித்துக்கொண்டு வந்தால் உடனே ஏறிக் கம்பியைத் தளர்த்த வேண்டும். இரண்டு வருஷத்துக்கு முன்பு வரை அப்படி நிற்கிற நேரம் நிற்கிறவன் பாடு. ஒரு காசு கிடையாது. கம்பி ஆட்கள் பதினாறு பேர் சேர்ந்து சங்கம் வைத்து, மனுமேல் மனுப்போட்டு, நாலாம் எண்ணை வாங்கினார்கள். முழுக் கூலி, வெளியூரானால் கால் பங்கும் சேர்த்து. சொந்தக் காரியமாகப் போன நேரத்துக்குப் பூஜ்யம் போட வேண்டும். பூஜ்யத்துக்குக் கூலி இல்லை என்று சொல்ல வேண்டியதில்லை.

உன் அம்மா சந்தேகக்காரி. இதை மற்றவர்கள் சொல்லி நீ கேட்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். பால்காரி வந்தால் செம்பைக் கவிழ்த்துக் காட்டினால்தான் பால் வாங்குவேன். கடையில் தராசுத் தட்டுக்கு அடியில் புளி ஒட்டியிருக்கிறதா என்று கையை விட்டுப் பார்ப்பேன். காலேஜ் விடுதியில் என் தோழிகள் ஏதாவது மறைத்தால் சொல்லிவைத்தாற்போல் கண்டுபிடிப்பேன். அதற்காகவே பாதிப் பேர் என்னோடு பேசமாட்டார்கள். என் அப்பா வாத்தியார். பள்ளிக்கூடத்துச் சாக்பீஸ் துண்டு தவறிச் சட்டைப்பையில் வந்துவிட்டால், வெயிலோடு திரும்ப நடந்துபோய் வைத்துவிட்டு வருவார். அந்த வீட்டில் வளர்ந்தவளுக்கு, நமக்குச் சேராத ஒரு காசு நம் வீட்டுக்குள் வந்துவிடுமோ என்று எப்போதும் பயம். நமக்குச் சேர வேண்டிய காசு வராமல் போவதைப் பற்றி அந்த வீட்டில் யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை.

நீ புரட்டாசியில் பிறந்தாய். எட்டு மாதத்துப் பிள்ளை. உள்ளங்கை அகலம் இருந்தாய். மூச்சு விடும்போதெல்லாம் நெஞ்சுக்குள் பூனைக்குட்டி போலச் சத்தம் வரும். ஈரக் காற்று பட்டால் பிழைக்காது என்று டாக்டர் என்னிடம் மெதுவாகச் சொன்னார். நான் அப்பாவிடம் மெதுவாகச் சொல்லவில்லை. "ஈரத் துணியோடு இந்த அறை வாசலை மிதிக்கக் கூடாது. மிதித்தால் நானும் பிள்ளையும் எங்கேயாவது போய்விடுவோம்" என்று கத்தினேன். அவர் தலையை ஆட்டினார். அதன்பிறகு அந்தப் பேச்சையே நான் மறந்துபோனேன். உன்னைத் தவிர வேறெதுவும் அப்போது என் நினைவில் நிற்கவில்லை.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. அப்பாவைச் சேரன்மாதேவிப் பக்கம் ஆற்றங்கரைக் காவலுக்குப் போட்டார்கள். காலை ரயிலில் போவார். சாயங்கால ரயிலில் திரும்புவார். நோட்டில் ஒவ்வொரு நாளும் நாலு, நாலு, நாலு என்று வரிசையாக இருக்கும். வெளியே மழை கொட்டுகிறது. தெருவில் போகிற மாடு நனைந்து நடுங்குகிறது. உன் அப்பா மட்டும் குடையும் தலையில் கவிழ்த்த கோணிக் கொங்காணியுமாக, மடிப்புக் கலையாத காய்ந்த வேட்டியோடு, நெற்றியில் புதுத் திருநீறோடு வந்து நிற்பார். முதல் நாள் கவனிக்கவில்லை. மூன்றாம் நாள் கேட்டேன்.

"மழையில் நிற்கவில்லையா?"

"நின்னேனே."

"வேட்டி காய்ந்திருக்கிறதே?"

"காஞ்சுதான் இருக்கு. நீ சொன்னதத்தான செய்யுதேன்" என்று சிரித்துக்கொண்டே உன்னைத் தூக்கப் போய்விட்டார்.

என்ன சொன்னேன், எதைச் செய்கிறார் என்று எனக்குப் புரியவில்லை. மழுப்புகிறார் என்று நினைத்தேன். ஆற்றங்கரையில் எட்டு மணி நேரம் நின்றவன் வேட்டி எப்படிக் காயும்? எங்கேயோ ஒரு வீட்டில் உட்கார்ந்திருக்கிறார். சீட்டாடுகிறாரோ, படுத்துத் தூங்குகிறாரோ, அதற்குமேலும் ஏதாவதோ. எல்லாவற்றையும் நினைத்தேன். அந்த நேரத்துக்கு நாலு போட்டுக் கூலியும் வாங்குகிறார் என்றதும் சாக்பீஸ் துண்டோடு வெயிலில் நடந்துபோன என் அப்பா கண்முன் வந்தார். கேட்டிருக்கலாம். சண்டைகூடப் போட்டிருக்கலாம். நான் அதைச் செய்யவில்லை. வெள்ளிக்கிழமை வேலைத்தாள் எழுத உட்கார்ந்தபோது, ஆற்றங்கரை மணிகளுக்கெல்லாம் நாலுக்குப் பதில் பூஜ்யம் எழுதினேன். அச்சுப் போல, அழகாக. அவர் வழக்கம்போலக் கையெழுத்துப் போட்டார். ஒரு வாரம் மட்டும் இல்லை, ஏழு வாரம். மாதக் கடைசியில் சம்பளம் குறைந்து வந்தபோது, "இந்தக் குமாஸ்தா எங்கயோ புடிச்சிட்டான் போலுக்கு" என்று தலையைச் சொறிந்தார். நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு பாவத்தைத் தடுத்துவிட்ட திருப்தி எனக்கு.

எட்டாவது வாரம் அவர் விழுந்தார்.

ஒரு தென்னை மரம் வேரோடு வந்து கரைக் கம்பத்தில் மோதியிருக்கிறது. கம்பியைத் தளர்த்த ஏறினார். ஏணியின் கால் சேற்றில் இறங்கிச் சாய்ந்தது. முழங்காலுக்குக் கீழே இரண்டு இடத்தில் முறிவு. ஏணியையும் வெள்ளம் கொண்டுபோய்விட்டது. கூட இருந்த ஏணிக் கூலி மாடசாமி, தண்ணீர் ஏறுகிற சேதியைச் சொல்ல ஸ்டேஷனுக்குப் போயிருந்த சமயம். விழுந்ததை யாரும் பார்க்கவில்லை. ஆஸ்பத்திரியில் மூங்கில் பத்தை வைத்துக் கட்டி மூன்றாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். அன்று மாடசாமி அவருடைய தகரப்பெட்டியைத் தலையில் சுமந்து வந்து இறக்கினான். திறந்தேன். குறடு, முறுக்கு ஆணி, கம்பிச் சுருள். அவற்றுக்குமேல் எண்ணெய்த் துணியில் சுற்றிய ஒரு வேட்டி. காய்ந்த வேட்டி. பக்கத்தில் ஒரு திருநீற்றுப் பொட்டலம்.

"அது அய்யாவோட மாத்து வேட்டி, தாயி" என்றான் மாடசாமி. "நாளெல்லாம் தெப்பமா நனைஞ்சு கெடப்பாவ. ரயிலு வரதுக்கு முன்ன படித்துறையில ஒரு முங்கு போட்டு, கல் மண்டபத்துல நின்னு தலையத் தொவட்டி, இதக் கட்டிக்கிட்டுதான் கெளம்புவாவ. ஏன்னு கேட்டா, வீட்ல பச்சப்புள்ள இருக்கு, ஈரம் ஆவாது, எங்க வீட்டு உத்தரவுன்னு சிரிப்பாவ."

மகனே, அந்த வேட்டி உனக்காகக் காய்ந்திருந்தது. அதைத்தான் நான் சாட்சியாக வைத்து ஏழு வாரம் தீர்ப்பு எழுதினேன்.

அன்றே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. காலைத் தூக்கிக் கட்டிக் கிடக்கிற மனிதரிடம் எப்படிச் சொல்வது என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். பதினைந்து நாளில் ஆபீஸிலிருந்து காகிதம் வந்தது. வேலையில் இருக்கும்போது அடிபட்டால் குணமாகும்வரை முழுச் சம்பளம், ஆனால் இந்த ஆள் ஆற்றங்கரையில் இருந்த நேரத்தைத் தன் வேலைத்தாளிலேயே ஏழு வாரமாகச் சொந்த நேரம் என்று எழுதியிருக்கிறார், படித்துறையில் குளிக்கும் வழக்கமும் உண்டு என்று தெரிகிறது, ஆகவே குளிக்கப்போய் வழுக்கி விழுந்ததாகவே கொள்ள வேண்டியிருக்கிறது, சம்பளம் கிடையாது, மூன்று மாதத்தில் கம்பம் ஏற முடியாவிட்டால் பெயரை நீக்க வேண்டிவரும். நான்தான் அதை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன்.

சங்கத்துச் செயலாளர் சுடலைமுத்து அண்ணாச்சி மறுநாளே வந்துவிட்டார். பெரிய சரீரம், அதைவிடப் பெரிய குரல். அப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தொடையில் தட்டினார். "இது குமாஸ்தா கைவரிசைவே! நாலப் பூஜ்யமாக்க எம்புட்டு நேரம் ஆவும்? ஏற்கனவே நம்ம நாலாம் எண்ணப் பாத்தாலே அவனுக்கு வயித்தெரிச்சல். இப்பம் பாரும், ஒம்ம தாளக் காட்டியே மத்தவன் நாலையும் வெட்ட ஆரம்பிச்சிட்டானுவ. ஆத்தங்கரையில நிக்கதுக்கு அவரே காசு கேக்கல, நீ எதுக்குக் கேக்கன்னு நேத்து ரெண்டு பேரத் திருப்பி அனுப்பிருக்கான். விடப்படாது. குமாஸ்தா பேருல மனுப் போடுதோம். அவன் வேலைய உருவாம நான் ஓயப்போறதில்ல."

கதவுக்குப் பின்னால் உன்னை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் பூஜ்யங்கள் அப்பாவின் சம்பளத்தை மட்டும் தின்னவில்லை, மழையில் நிற்கிற மற்றவர்களின் சோற்றிலும் கை வைத்திருக்கின்றன என்று அப்போதுதான் விளங்கியது. போதாததற்கு, முகம் தெரியாத ஒரு குமாஸ்தாவின் வேலை வேறு. அன்றைக்கும் நான் வாயைத் திறக்கவில்லை. எல்லோருக்கும் தெரிந்துவிட்டது, தெரிந்துகொண்டே என்னை வேடிக்கை பார்க்கிறார்கள் என்று மட்டும் தோன்றிக்கொண்டே இருந்தது. பால்காரி சிரித்தால்கூட அதற்குத்தான் சிரிக்கிறாள் என்று நினைத்தேன்.

மனுப்போன நாலாம் நாள் குமாஸ்தாவே வந்தார். சீனு ஐயர். ஒட்டிய கன்னம், ஒட்டுப்போட்ட குடை. கையெழுத்தைச் சரிபார்த்து எழுதி வாங்கிவரச் சொல்லி மேலதிகாரி அனுப்பியிருந்தார். அண்ணாச்சியும் உடன் இருந்தார். முன்கட்டுப் பட்டாசலில் அப்பாவின் கட்டிலோரம் பாய் போட்டு, ஏழு வேலைத்தாளையும் கட்டிலின்மேல் விரித்தார்கள்.

"ஓய், நானும் இருவது வருஷமா பேனாப் பிடிக்கறவன்" என்றார் ஐயர். "திருத்தினா சுரண்டின தடம் இருக்கும், மை மாறும். வெளிச்சத்துல பிடிச்சுப் பாரும். எல்லாம் ஒரே கை, ஒரே மை. நேக்கு ஆறு பொண்ணு. என்மேல பழி போடாதேயும். இது ஒம்ம எழுத்தா, இல்லையா? அதை மட்டும் சொல்லும்."

அப்பா ஒரு தாளை எடுத்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக அந்தத் தாளைப் படித்தார். பிறகு இரண்டாவது தாள், மூன்றாவது. மெல்லத் தலையைத் திருப்பி நான் நிற்கிற கதவைப் பார்த்தார். அதிக நேரம் பார்க்கவில்லை.

"என் எழுத்துதான்" என்றார்.

அண்ணாச்சி எழுந்தேவிட்டார். "என்னவே சொல்லுதீரு? நாலு போட்டேன்னு என்கிட்ட சத்தியம் பண்ணீரே!"

"போட்டேன்னு நெனச்சேன். மறந்திருப்பேன். விடும்."

எனக்காகத் தன் காலையும் வேலையையும் பொய்க்குக் கொடுக்கிறார் என்று தெரிந்தது. அப்புறம் நான் கதவுக்குப் பின்னால் நின்றால் மனுஷியில்லை. உன்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு அந்நிய ஆண்களுக்கு முன்னால் வந்தேன். "எழுதினது நான்" என்றேன்.

யாரும் நம்பவில்லை. அதுதான் வேடிக்கை. அண்ணாச்சி கையமர்த்தினார். "தங்கச்சி, நீ உள்ள போம்மா. புருஷனக் காப்பாத்தணும்னு இல்லாததெல்லாம் சொல்லாத." ஐயர் மட்டும் என்னைக் கொஞ்சம் கூர்ந்து பார்த்தார். வெற்றுத்தாள் ஒன்றையும் பேனாவையும் நீட்டினார். உன்னை அப்பாவின் நெஞ்சோரம் கிடத்திவிட்டு, தரையில் உட்கார்ந்து ஒன்றிலிருந்து பூஜ்யம் வரை எழுதினேன். கீழே ஊர்ப்பெயரை இங்கிலீஷில் எழுதினேன். அவர் அதை வேலைத்தாளோடு வைத்துப் பார்த்து நீளமாக மூச்சு விட்டார்.

"இது காலேஜுக் கை. கம்பம் ஏறற கை இல்லை" என்றார். "ஏம்மா இப்படிப் பண்ணினேள்?"

சொன்னேன். அவர் சும்மா எங்கேயோ உட்கார்ந்திருக்கிறார் என்று நினைத்தேன் என்றேன். வேட்டியைப் பற்றியும் சொன்னேன். அப்பா உன் முதுகைத் தட்டிக்கொண்டே கூரையைப் பார்த்தார். அண்ணாச்சி ஏழு தாளையும் அடுக்கி ஐயரிடம் கொடுத்தார். பிறகு பேசியது கத்தல் இல்லை. அதனால்தான் இன்றும் சுடுகிறது.

"சும்மா நிக்கதுதாம்மா அங்கன வேலையே. வெள்ளத்தப் பாத்துக்கிட்டு எட்டு மணி நேரம் கண்ணெடுக்காம நின்னு பாரு. அதுக்கு ஒரு எண்ணு வாங்க நாங்க ஒரு வருஷம் அலைஞ்சோம். நீ பேனாவ ஒரு சுத்து சுத்திட்டியே."

பென்சில் நோட்டைக் கொண்டுவந்து கொடுத்தேன். மழை பட்டுப் பக்கங்கள் பொருமியிருந்தன. ஆனால் ஒவ்வொரு நாளும், மணிக்கு மணி, நாலு என்று கோணல்மாணலாக இருந்தது. ஐயர் அதற்கு ஒரு ரசீது எழுதிக் கொடுத்துவிட்டு எடுத்துப்போனார். என் வாக்குமூலத்தையும் எழுதி வாங்கிக்கொண்டார். அதைக் கையெழுத்திடும் முன் நான் மூன்று தடவை படித்தேன். ஏழு வாரத்தை ஏழு வருஷம் என்று ஓரிடத்தில் தவறாக எழுதியிருந்தார். திருத்தச் சொன்னேன். "இத்தனை சந்தேகத்தை ஆத்துக்காரர் தாள்ல காட்டாம ஆபீஸ் தாள்ல காட்டியிருந்தா நன்னாயிருந்திருக்கும்" என்று முணுமுணுத்துக்கொண்டே திருத்தினார்.

முடிவு பாதி இனிப்பு, பாதி கசப்பு. அந்தந்த இடத்திலேயே எழுதியது என்பதால் நோட்டை நம்புவதாக மேலதிகாரி எழுதி, நோட்டையும் திருப்பி அனுப்பினார். குணமாகும்வரை முழுச் சம்பளம் வந்தது. மற்றவர்களின் நாலாம் எண்ணும் பிழைத்தது. அண்ணாச்சி தானே ஐயர் வீட்டுக்குப் போய் மனுவை வாபஸ் வாங்கியதைச் சொல்லிவிட்டு வந்தார். ஆனால் அந்த ஏழு வாரக் கூலி வரவில்லை. கையெழுத்துப் போட்ட தாளுக்கு மேல் கேள்வி இல்லை என்று சொல்லிவிட்டார்கள். பிறரைக் கொண்டு வேலைத்தாள் எழுதியதற்கு அபராதம் வேறு. காலும் ஓர் அங்குலம் குட்டையாகிவிட்டது. இனிக் கம்பம் ஏற முடியாது என்றுதான் இந்தக் கிடங்கு வேலை. நீ வளர்ந்து, அப்பா ஏன் சாய்ந்து நடக்கிறார் என்று கேட்டால் மரம் மோதியது என்பார். அது நிஜம். என் பெயரைச் சொல்லமாட்டார். ஆகவே நான் சொல்கிறேன்.

உனக்குச் சொல்ல விரும்புவது கொஞ்சம்தான். உன் மணிகளை உன் கையாலேயே எழுது. கோணலாக இருந்தாலும் பரவாயில்லை. நின்ற நேரத்துக்கு நின்றேன் என்று எழுதக் கூச்சப்படாதே. உனக்குச் சேர்ந்ததை நீ விட்டுக்கொடுத்தால் அதைத் தியாகம் என்று ஆபீஸில் யாரும் நினைக்கமாட்டார்கள். அடுத்தவனுடையதை வெட்ட அதையே கத்தியாக்குவார்கள். என்னிடமிருந்து சந்தேகம் உனக்கும் வந்திருக்கும். இரண்டு கடலை கொடுத்தால் என் இன்னொரு கையையும் விரித்துப் பார்க்கிறாய். இருக்கட்டும். அச்சடித்த தாள்களைச் சந்தேகப்படு. கையெழுத்துப் போடச் சொல்கிற எல்லோரையும் சந்தேகப்படு, அது பெற்ற தாயானாலும். ஆனால் ஒரு மனுஷன்மேல் சந்தேகம் வந்தால் பேனாவை எடுக்காதே. அவன் முகத்தைப் பார்த்துக் கேள். முதல் பதில் புரியாவிட்டால் இரண்டாம் தடவையும் கேள். நான் ஒரு தடவையோடு நிறுத்திக்கொண்டேன்.

எழுதி முடித்துவிட்டு இதை உன் அப்பாவிடம் கொடுத்தேன். அவரைப் பற்றி எழுதியிருக்கிறேனே, சரிதான் என்று அவரும் கீழே கையெழுத்துப் போட்டால்தானே நீ நம்புவாய்? சாமான் மூட்டைமேல் உட்கார்ந்து, குட்டைக் காலை நீட்டி, கடைசிப் பக்கத்தைத் திருப்பினார். "எங்கன போடணும்?" என்று பேனாவுக்குக் கையை நீட்டினார்.

பேனாவை முந்தானைக்குள் வைத்துக்கொண்டேன். "முதல் வரியிலிருந்து படியுங்கள்" என்றேன். இப்போது படித்துக்கொண்டிருக்கிறார், நான் தனித்தாளில் இதைச் சேர்த்து எழுதுகிறேன். வேட்டி வருகிற இடத்தில் நிறுத்தி ஒரு தடவை என்னைப் பார்த்தார். இன்னும் இரண்டு பக்கம் இருக்கிறது. முடிக்கும்வரை பேனாவைக் கொடுக்கமாட்டேன்.

உன் அம்மா